யாரும் எழுதாத வரிகள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, செயற்கை நுண்ணறிவைப் பத்தி ஏதாவது பேசிடு, பசங்க நல்லா கை தட்டுவாங்க" என்றார். "அண்ணே, அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. எனக்குச் சோறு போடறது வேற விஷயம், அதைப் பேசட்டுமா?" என்று கேட்டேன். என்ன விஷயம் என்றார், சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, சுருக்கமா முடிச்சிடு" என்றார். அந்த அனுமதியின்பேரில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

விஷயம் இதுதான். இன்றைக்கு ஒரு பெரிய சர்வரை வாங்கினால் அதில் ஒரே ஒரு கணிப்பொறியை ஓட்டுவது அபூர்வம். அதற்குள் பத்து, இருபது மெய்நிகர்க் கணிப்பொறிகளை ஓட்டுகிறோம். ஒவ்வொன்றும் தன்னை ஒரு தனி இயந்திரமாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இவற்றை உருவாக்கவும் நிறுத்தவும் மேய்க்கவும் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பு உண்டு. அதில் நாம் எழுதுவது என்னவோ பத்து வரிதான். எழுதாமல் விட்ட மிச்சத்தை யார் நிரப்புகிறார்கள், எப்போது நிரப்புகிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அகராதிக்காரர்கள் இதற்கு இயல்பிருப்பு, முன்னிருப்பு என்றெல்லாம் நல்ல சொற்கள் செய்து வைத்திருக்கிறார்கள். லேபில் எல்லாரும் சொல்வது டீஃபால்ட் என்பதால் நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். தமிழ் மன்றத்து நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த லினக்ஸ் உலகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அடியில் கேவிஎம். இது 2007-ல் லினக்ஸ் கர்னல் 2.6.20-உடன் வந்தது. அதன்மேல் க்யூஎமு. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் வெளியிட்டது. மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுவது இதன் வேலை. இரண்டுக்கும் மேலே மேஸ்திரி மாதிரி நிற்பது லிப்விர்ட். ரெட் ஹாட்டில் டானியல் வெய்யார் தொடங்கி, 2005 கடைசியில் வெளிவந்தது. நாம் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதிக் கொடுப்பதைப் படித்து, க்யூஎமுவுக்குப் புரிகிற நீளமான கட்டளையாக மாற்றிக் கொடுப்பது இந்த மேஸ்திரிதான்.

மேஸ்திரி இல்லாமல் க்யூஎமுவை நேரடியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு டிஸ்க் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். 128 எம்பி நினைவகம், ஒரு திரை அட்டை, ஒரு நெட்வொர்க் அட்டை, ஒரு சிடி டிரைவ், எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். உள்ளே ஓடும் கணிப்பொறிக்கு 10.0.2.15 என்று ஒரு முகவரியும் கிடைக்கும். டீக்கடையில் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வருகிற மாதிரி.

லிப்விர்ட் க்யூஎமுவைக் கூப்பிடும்போது என்ன செய்கிறது தெரியுமா? கட்டளையில் நோடீஃபால்ட்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறது. 'நீயாக எதையும் போடாதே, நான் கேட்டதை மட்டும் கொடு' என்று அர்த்தம். பயனர் வைத்திருக்கும் க்யூஎமு கான்ஃபிகரேஷனையும் படிக்காதே என்று இன்னொரு சொல்லும் போகிறது. கீழே இருக்கிறவனுடைய டீஃபால்ட்டை நம்பாமல், முடிந்த மட்டும் எல்லாவற்றையும் தானே எழுதிக் கொடுத்துவிடுவது இதன் வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. டீக்கடைக்காரர் நாளைக்கே சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டால், நாம் சொல்லும் வார்த்தை அதேதான், வரும் டீ மட்டும் வேறாகிவிடும்.

சரி, மேஸ்திரி என்ன எழுதுகிறது? பெயர், நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் என்று பத்துப் பதினைந்து வரியில் ஒரு எக்ஸ்எம்எல் எழுதி, விர்ஷ் டிஃபைன் கட்டளையால் பதிவு செய்யுங்கள். பிறகு விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்ததைப் போலப் பல மடங்கு நீளத்தில் திரும்பி வரும். நான் முதல் தடவை பார்த்தபோது வேறு யாருடைய கோப்போ வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். யூயூஐடி என்ற அடையாள எண் புதிதாக வந்திருக்கும். நெட்வொர்க் அட்டைக்கு 52:54:00 என்று தொடங்கும் மேக் முகவரி வந்திருக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் இன்ன பஸ், இன்ன ஸ்லாட் என்று பிசிஐ முகவரி வந்திருக்கும். இவை எல்லாம் பதிவு செய்த அந்தக் கணமே முடிவாகிக் கோப்பில் ஏறிவிடுகின்றன. அதற்கப்புறம் தானாக மாறாது. எங்கள் ஆபீஸில் இதற்குப் 'பதிந்த டீஃபால்ட்' என்று பேர் வைத்திருக்கிறோம்.

ஏன் இப்படிப் பதிய வேண்டும்? பிசிஐ ஸ்லாட்டையே பாருங்கள். ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் ஸ்லாட்டைப் புதிதாகக் கணக்குப் போட்டால், நீங்கள் இடையில் ஒரு டிஸ்க்கைச் சேர்த்த மறுநாள் நெட்வொர்க் அட்டை அடுத்த ஸ்லாட்டுக்குத் தள்ளிப்போகலாம். உள்ளே இருக்கும் லினக்ஸ், ஸ்லாட்டைப் பார்த்துத்தான் அட்டைக்குப் பெயர் வைக்கிறது. பெயர் மாறினால், பழைய பெயருக்கு எழுதிய நெட்வொர்க் அமைப்பு செல்லாது. டிஸ்க் சேர்த்ததற்கு நெட்வொர்க் போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றால் அவரை யார் நம்புவார்கள்?

மெஷின் டைப் இன்னும் சுவாரசியம். கோப்பில் வெறுமனே 'பிசி' என்று எழுதினால், லிப்விர்ட் அதை அப்படியே வைத்துக்கொள்ளாது. அன்றைய தேதியில் அந்தச் செல்லப்பெயர் க்யூஎமுவின் எந்தப் பதிப்பைக் குறிக்கிறதோ, அதன் முழுப்பெயரைப் பதிப்பெண்ணோடு எழுதிவிடும். அந்த முழுப்பெயரில் ஐ440எஃப்எக்ஸ் என்று ஒரு துண்டு வரும். அது இன்டெல் 1996-ல் வெளியிட்ட சிப்செட்! தொண்ணூறுகளில் இங்கே படித்த அண்ணன்மார்கள் கையில் பிடித்துப் பார்த்த அந்த போர்டைத்தான் க்யூஎமு இன்றும் நடித்துக்கொண்டிருக்கிறது. பதிப்பெண்ணோடு பதிந்து வைப்பதால், நாளைக்கு க்யூஎமுவைப் புதுப்பித்தாலும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு மதர்போர்டு மாறியதாகத் தோன்றாது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. ரொம்பப் பழைய பதிப்பெண்களை க்யூஎமுக்காரர்கள் நீக்கிக்கொண்டே வருகிறார்கள். பத்து வருஷமாகத் தொடாத கோப்பைப் புது சர்வருக்குக் கொண்டுபோனால், 'அப்படி ஒரு மெஷினே இல்லை' என்று பதில் வரலாம்.

இனி மற்றொரு வகை. பதிவு செய்யும்போது கோப்பில் ஏறாமல், ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் அன்றைய வழக்கப்படி முடிவாவது. 'மிதக்கும் டீஃபால்ட்' என்போம். டிஸ்க்கின் கேஷ் முறையை நீங்கள் எழுதாவிட்டால் லிப்விர்ட்டும் எழுதாது, க்யூஎமுவின் விருப்பத்துக்கே விட்டுவிடும். க்யூஎமு 1.2 பதிப்பில், 2012-ல், அந்த விருப்பம் ரைட்த்ரூவிலிருந்து ரைட்பேக்குக்கு மாறியது. யாரும் கோப்பைத் தொடவில்லை, டிஸ்க் வேலை செய்யும் விதம் மட்டும் மாறிவிட்டது. வேகம் கூடியதால் யாரும் புகார் சொல்லவில்லை என்பது வேறு.

புகார் வந்த கதை அதற்கு இரண்டு வருஷம் முந்தையது. மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டிஸ்க் கோப்பு வெறும் 'ரா' வடிவமா, 'க்யூகௌ2' வடிவமா என்று நீங்கள் எழுதாவிட்டால், அதன் தலைப்பகுதியைப் படித்துத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது இருந்தது. ரொம்ப வசதியான டீஃபால்ட். ஆனால் யோசித்துப் பாருங்கள், ரா வடிவ டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து எல்லாமே உள்ளே இருக்கும் விருந்தாளிக் கணிப்பொறியின் கையில். அதில் ஒரு குறும்புக்காரன் உட்கார்ந்து, தன் டிஸ்க்கின் தலையில் ஒரு போலி க்யூகௌ2 தலைப்பை எழுதுகிறான். க்யூகௌ2 தலைப்பில், 'எனக்கு அடிப்படையான கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது' என்று குறிக்க வசதி உண்டு. அந்த இடத்தில் வீட்டுக்கார சர்வரின் ஒரு கோப்பின் பாதையை எழுதிவிடுகிறான். அடுத்த தடவை இயக்கும்போது மென்பொருள் தலைப்பைப் பார்க்கிறது, 'ஓ, இது க்யூகௌ2' என்று நம்புகிறது, குறிப்பிட்ட கோப்பைத் திறந்து அவனுக்கே வாசிக்கக் கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரரின் பீரோச் சாவியைத் தானே செய்துகொண்ட மாதிரி.

2010-ல் லிப்விர்ட் இதை மூடியது. நான் இங்கே மாணவனாக இருந்த காலம் அது. இனிமேல் வடிவம் எழுதப்படாவிட்டால் ரா என்றே எடுத்துக்கொள்வோம் என்று டீஃபால்ட்டை மாற்றினார்கள். முற்றிலும் சரியான முடிவு. ஆனால் க்யூகௌ2 டிஸ்க்கை வைத்துக்கொண்டு, வடிவத்தை எழுதாமல் விட்டிருந்தவர்கள் கதி? மென்பொருளைப் புதுப்பித்தார்கள், கணிப்பொறிகள் பூட் ஆகவில்லை. க்யூகௌ2 தலைப்பை ரா டிஸ்க்கின் முதல் செக்டராகப் படித்தால் அதில் பூட் செய்ய என்ன இருக்கும்? டிஸ்க்கில் தகவல் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. கோப்பில் ஒரே ஒரு சொல் எழுதினால் தீர்ந்துவிடும். அந்தச் சொல் தெரியாத இடத்தில் மட்டும்தான் டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது என் அனுபவம் ஒன்று. எங்களைக் கூப்பிட்ட வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றில் சம்பளக் கணக்குப் போடும் மெய்நிகர்க் கணிப்பொறி ஐந்து நிமிஷம் வேலை செய்யும், ஐந்து நிமிஷம் காணாமல் போகும். மாதக் கடைசி. அதற்கு முந்தின நாள் அதே மாதிரி இன்னொரு கணிப்பொறியை வேறொரு சர்வரில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பாலிடெக்னிக் பையன். அவர்களுடைய கையேட்டில் என்ன எழுதியிருந்ததோ அப்படியேதான் செய்திருந்தான். பழைய கணிப்பொறியின் எக்ஸ்எம்எல்லை எடு, பெயரை மாற்று, டிஸ்க்கின் பாதையை மாற்று, புது சர்வரில் டிஃபைன் செய். நான் போனபோது அவனை ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அவன் மேலதிகாரி, "என்னத்தையோ நோண்டிட்டான் சார்" என்றார்.

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேக் முகவரி இரண்டிலும் ஒன்றே. முதல் கணிப்பொறியை உருவாக்கியபோது லிப்விர்ட் தானாகக் கொடுத்துப் பதிந்த முகவரி, கோப்பை நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்டது. இரண்டும் ஒரே சுவிட்சில். சுவிட்ச் பாவம், அந்த முகவரி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாறி மாறிக் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டாவது கோப்பில் அந்த வரியை நீக்கிவிட்டால் லிப்விர்ட் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளும். விர்ட்க்ளோன் என்ற கருவியில் நகலெடுத்திருந்தால் அதுவே முகவரியை மாற்றிக் கொடுத்திருக்கும். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த மேலதிகாரியிடம், "இந்த வரியை இவன் எழுதலை சார், நீங்களும் எழுதலை, உங்க கையேட்டை எழுதினவரும் எழுதலை" என்று சொல்லி, கோப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் பையனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கையேட்டில் மட்டும் அன்றைக்கே ஒரு வரி சேர்த்தார்கள். பையனுக்கு அன்று வேலை தங்கியது, அதுவரைக்கும் சரி.

மூன்றாவதாக, மென்பொருளை நிறுவும்போதே வந்து உட்காரும் டீஃபால்ட். லிப்விர்ட்டை நிறுவினால் 'டீஃபால்ட்' என்ற பெயரிலேயே ஒரு நெட்வொர்க் வரும். விர்பிஆர்0 என்ற பாலம், 192.168.122.0 என்ற முகவரித் தொகுதி. ஃபெடோராவில், ரெட் ஹாட்டில், இதன் மூலப்படி ஒரு பொதுவான இடத்தில் இருக்கும். முதல் தடவை நிறுவும்போது அதிலிருந்து ஒரு பிரதி ஈடிசி டைரக்டரிக்குள் போகும். அதற்கப்புறம் அந்தப் பிரதி உங்களுடையது. வேண்டாம் என்று நீக்கிவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் திரும்பி வந்து தொல்லை செய்யாது. இந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீக்கியதைத் திரும்பத் திரும்ப வைக்கும் மென்பொருள்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்!

ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகள் இதில் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெய்நிகர்க் கணிப்பொறிக்குள்ளேயே இன்னொரு லிப்விர்ட்டை நிறுவிப் பழகுவீர்கள். வெளியே இருப்பது 192.168.122, உள்ளே வருவதும் அதேவா? நிறுவும் ஸ்க்ரிப்ட் சுற்றிலும் பார்த்து, அந்தத் தொகுதி ஏற்கெனவே உபயோகத்தில் இருந்தால் வேறு எண்ணைத் தேர்ந்தெடுக்க முயலும். நெட்வொர்க்கைத் தொடங்கும்போதும் லிப்விர்ட் ஒருமுறை பார்க்கும், மோதினால் மறுத்துவிடும். ஆனால் வேறெங்கோ தயாரித்த டிஸ்க்கைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினால், நிறுவியபோது பார்த்தது உதவாது. பூட் ஆகும்போது வெளி நெட்வொர்க்கின் முகவரி வருவதற்கு முன் உள் நெட்வொர்க் முந்திக்கொண்டால், தொடங்கும்போது பார்ப்பதும் உதவாது. இணையம் போய்விடும். அப்போது வைஃபையைத் திட்டாமல் விர்பிஆர்0-வைப் பாருங்கள்.

ஈடிசிக்குள் இருக்கும் மற்றக் கோப்புகள் பற்றி இரண்டே வார்த்தை. மெய்நிகர்க் கணிப்பொறியின் எக்ஸ்எம்எல்லை எடிட்டரில் நேரடியாகத் திறந்து மாற்றாதீர்கள். அதன் தலையிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கும். லிப்விர்ட் தன் நினைவில் ஒரு பிரதி வைத்திருக்கிறது, உங்கள் மாற்றத்தின்மேல் அதை எழுதிவிடலாம். விர்ஷ் எடிட் வழியாகப் போங்கள். அப்படிச் செய்த மாற்றமும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியில் உடனே தெரியாது, உள்ளே ரீபூட் செய்தாலும் தெரியாது. முழுக்க நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். அப்புறம், க்யூஎமு.கான்ஃப் என்ற கோப்பு. அதில் எல்லா வரிகளும் முன்னால் ஒரு குறி போட்டு முடக்கப்பட்டிருக்கும். முடங்கிய வரியில் இருப்பதுதான் டீஃபால்ட் என்று பலர் நினைக்கிறார்கள். விஎன்சி கேட்கும் முகவரி என்ற வரியில் 0.0.0.0 என்று இருக்கும். உண்மையான டீஃபால்ட்டோ 127.0.0.1, அதாவது அந்த சர்வருக்குள் மட்டும். வரியில் இருப்பது, குறியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான மாதிரி. டீஃபால்ட்தானே என்று குறியை எடுத்தீர்களானால், உங்கள் கணிப்பொறியின் திரை ஊருக்கே திறந்துவிடும். மேலே உள்ள விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான வேக்ரன்ட் வேறு மாதிரி. இது மிட்செல் ஹாஷிமோட்டோ 2010-ல் கொண்டுவந்தது. இங்கே கோப்பு ஒன்றல்ல, அடுக்கு. கணிப்பொறிப் பெட்டியோடு வரும் வேக்ரன்ட்ஃபைல், உங்கள் ஹோம் டைரக்டரியில் உள்ளது, பிராஜெக்டில் உள்ளது என்று வரிசையாகப் படித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும். பெரும்பாலும் பிந்தியது முந்தியதை மூடிவிடும். நெட்வொர்க் வரிகள் மட்டும் மூடாமல் கூடிக்கொண்டே போகும். எங்கிருந்து வந்தது இந்த போர்ட் என்று தேடுகிறவர்கள் ஹோம் டைரக்டரியைப் பார்ப்பதே இல்லை. பெட்டிகளில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி வேறு இருந்தது. 1.7 பதிப்பிலிருந்து, முதல் தடவை இயக்கும்போதே அந்தச் சாவியை எடுத்துவிட்டு அந்தக் கணிப்பொறிக்கென்று புதுச் சாவி செய்து போட்டுவிடுகிறது. நான் சொன்ன பதிந்தது, மிதப்பது இரண்டிலும் சேராத நல்ல யோசனை இது. டீஃபால்ட் தன் வேலை முடிந்ததும் தானே விலகிக்கொள்கிறது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இன்று இரவே, முடிந்த மட்டும் சின்னதாக ஒரு எக்ஸ்எம்எல் எழுதுங்கள். டிஃபைன் செய்து, டம்ப்எக்ஸ்எம்எல் எடுத்து, இரண்டையும் டிஃப் செய்யுங்கள். கூடுதலாக வந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், யார் போட்டது, எப்போது போட்டது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு, எது வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றும் ஒரு பட்டியல் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் கஷ்டம். சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபில்தான் இருப்பேன், எழுதியதை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.